துணைக்கு யார் வந்திருக்கீங்க?

1970-களில் கிராமத்துத் தாத்தா ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் பாதி வீடு கிளம்பும். கோரைப்பாய், போர்வை, தூக்குவாளி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு வாரத்துக்கு அரிசி. மகன் வயலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருவான். மருமகள் கைக்குழந்தையோடு வருவாள். ஆஸ்பத்திரி வராந்தாவும் அதை ஒட்டிய மரத்தடியும்தான் அவர்களுக்கு வீடு.

அத்தனை பேர் தேவைப்பட்டதற்குக் காரணம் அறுவை முறை. புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுப்பார்கள். அதற்குக் கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய அரைவட்டத்துக்கு வெட்ட வேண்டும். இருமினால், தலையைத் திருப்பினால், காயம் பிரிந்துவிடுமோ என்ற பயம் டாக்டருக்கே இருந்தது. அதற்கும் ஒரு தலைமுறை முன்னால் இன்னும் கடுமை: நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அண்டக் கொடுத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நாள்கணக்கில் அசையக் கூடாது. கஞ்சி புகட்டுவது, படுக்கையிலேயே மலம் எடுப்பது, ஈ ஓட்டுவது எல்லாம் கூட இருப்பவர் பாடு.

இரண்டு கண்ணும் இருட்டிப்போய்க் கிடக்கும் வயதானவர்களுக்கு ராத்திரியில் புத்தி தடுமாறும். எழுந்து ஓடப் பார்ப்பார்கள், கட்டைப் பிய்ப்பார்கள். மேற்கத்திய மருத்துவமனைகளிலும் இது தெரிந்த தொல்லைதான். வைஸ்மன், ஹாக்கெட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1958-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள். நோயாளியோடு மருத்துவர் நெருங்கிப் பழகி உறவு ஏற்படுத்திக்கொண்டால் அந்தத் தடுமாற்றத்தைத் தடுக்கவும் தணிக்கவும் முடியும் என்பது அவர்கள் கண்டது. நம் ஊர் வார்டில் அந்தச் சிகிச்சையைப் பாட்டி யாரிடமும் கற்காமலே செய்துகொண்டிருந்தாள். "இங்கதான் இருக்கேன். விடியப் போவுது. பால்காரன் மணி கேக்குதா?"

ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய தயாரிப்பு என்று பார்த்தால், அன்றைய குடும்பம் பெரிதாக எதையும் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். சமயபுரத்தாளுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொள்வார்கள். ஆடி வேண்டாம், கோடை வேண்டாம், அறுப்பு முடியட்டும் என்று நாள் தள்ளுவார்கள். "புரை முத்தட்டும்" என்று டாக்டரும் தவணை சொல்வார். உள்ளே என்ன நடக்கும் என்று தாத்தாவிடம் யாரும் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்ட மகனுக்கும் தெரியாது. அவரைத் தேற்றிய ஒரே வாசகம், "எல்லாம் டாக்டர் பாத்துப்பாரு."

இதில் ஒரு ஓரவஞ்சனையும் உண்டு. அப்பாவுக்கு அடுத்த மாதமே தேதி குறித்த வீடுகளில், அம்மாவின் கண் வருஷக்கணக்கில் காத்திருந்தது. வாசல் தெளிக்கவும் சோறு பொங்கவும் மங்கலான பார்வை போதும் என்று அவளே சொல்லிவிடுவாள். வீடும் சௌகரியமாக நம்பிக்கொள்ளும்.

1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக இலவச முகாம்கள் நடந்தன. ஆபரேஷனுக்குக் காசு இல்லை என்றபோதும் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பு, எல்லாம் சேர்ந்தால் இலவசமே கட்டுப்படியாகாது. அதனால் வண்டியும் சாப்பாடும் முகாமோடு சேர்ந்தன. குடும்பத்தின் இடத்தில் புதிதாக ஒரு துணை முளைத்தது: ஒரே பஸ்ஸில் ஏறி வந்த ஊர்க்காரர்கள். போன முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியம்மா தெருவில் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஆலோசனை எதற்கு? கிராமத்துப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளியோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர்களாக ஆக்கியதும் அங்கே நடந்தது.

பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வந்தது. அதுவரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. வெளிநாட்டு உள்விழி லென்ஸ் சாதாரண ஆளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. இப்போது சின்ன கீறல், பல பேருக்குத் தையலே கிடையாது. தியேட்டருக்குள் அரைமணிக்கும் குறைவு. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டில் காப்பி குடிக்கலாம்.

பாயும் ஸ்டவ்வும் போயாயிற்று. குடும்பத்தின் வேலையும் போய்விட்டதாக நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்த வேலை இப்போது ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. உடம்பை அவ்வளவாக வளைக்காது, ஆனால் கவனத்தை நிறையக் கேட்கும்.

முதலில் மாத்திரைப் பை. பெரியவர் டாக்டரிடம் சர்க்கரையையும் பிரஷரையும் சொல்வார். சிறுநீர் அடைப்புக்காகச் சாப்பிடும் புராஸ்டேட் மாத்திரையைச் சொல்ல மாட்டார், மருமகள் பக்கத்தில் நிற்கிறாள் அல்லவா. அந்த மாத்திரைகளில் டாம்சுலோசின் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அறுவையின்போது கண்ணின் பாவை சுருங்கலாம், கருவிழித் திரை துவண்டு ஆடலாம் என்பது 2005-ல்தான் மருத்துவ உலகில் பதிவானது. முன்கூட்டித் தெரிந்தால் சர்ஜன் அதற்குத் தக்க ஏற்பாட்டோடு உள்ளே போவார். ஆகவே எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு அப்படியே மேஜையில் கொட்டுகிற மகள்தான் உண்மையான துணை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை "ஆபரேஷன் வருதே" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதும் ஆபத்து. நிறுத்துவதா வேண்டாமா என்பது டாக்டர் வாயிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. அறுவையின்போது நோயாளி விழித்துத்தான் இருப்பார். முகத்தைத் துணி மூடும், மூச்சு முட்டுவது போலத் தோன்றும், கண் கூசும் வெளிச்சம், ஒரு கருவியின் இரைச்சல், தண்ணீர் வழிகிற உணர்ச்சி. இதையெல்லாம் முந்தின நாளே வீட்டில் யாராவது நிதானமாகச் சொல்லிவைத்தால் பாதிப் பயம் தெளிந்துவிடும். தலையணை இல்லாமல் அரைமணி மல்லாந்து படுக்க முடிகிறதா என்று வீட்டுக் கட்டிலிலேயே பார்த்துவிடலாம். கூன் விழுந்தவர், இளைப்புக்காரர், அடிக்கடி இருமுகிறவர் என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அறுவை நேரத்தில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பதற்றம் குறைகிறது என்று கொரிய ஆய்வாளர்கள் 2001-ல் எழுதினார்கள். தியேட்டருக்குள் மகளை விடமாட்டார்கள். அந்தக் கையை நர்ஸ் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிள்ளை பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில் இன்னொரு விசித்திரம். வீடியோ காலில் லென்ஸ் தேர்வு நடக்கும். "எது பெஸ்டோ அதையே வைங்க டாக்டர், காசு பிரச்சினை இல்ல." தூரம், கிட்டம் இரண்டுக்கும் உதவும் விலை கூடிய மல்ட்டிஃபோகல் லென்ஸ் வைத்தவர்களில் சிலருக்கு ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். இன்னமும் இரவில் ஸ்கூட்டர் ஓட்டுகிற அப்பாவுக்கு அது வினை. அப்பா நாள் முழுக்க என்ன செய்கிறார், பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதில் அவருக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டால் போதும், லென்ஸ் பற்றிய பேச்சு சரியான திசைக்கு வந்துவிடும். அப்பாவிடம் இதைக் கேட்காமல், எது பெஸ்ட் என்று டாக்டரிடம் கேட்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் சொட்டு மருந்து உண்டு. தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை, போகப் போகக் குறையும். தாத்தாவும் பாட்டியும் மட்டுமே இருக்கிற வீட்டில் யார் விடுவது? இதையும் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், மாடிவீட்டு மாமா, போன் அலாரம் என்று ஒரு முறை போட்டுவைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நேரத்தை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்; கூடத்தில் கூடி நின்று கவலைப்பட்ட பழைய கூட்டத்தைவிட அது உருப்படியான வேலை.

முதல் கண்ணுக்கு இவ்வளவும் செய்கிறவர்கள் இரண்டாவது கண்ணுக்குக் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். "போன தடவை ஒண்ணுமே தெரியலையே" என்று பெரியவரே சிரித்தபடி உள்ளே போகிறார். இரண்டாவது தடவை வலி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததாகப் பல நோயாளிகள் சொல்லியிருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. முதல் தடவை இருந்த பதற்றம் இல்லாததால் உணர்வு துலக்கமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வெளியே வந்ததும், "இந்தத் தடவை டாக்டர் ஏதோ தப்புப் பண்ணிட்டார்" என்று அவர் மிரளாமல் இருக்க, இதையும் போகும்போது காதில் போட்டு வைக்கலாம். அந்த மாத்திரை கவரையும் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கும்.