தந்தை வழிப் படி

நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டிசியாரா, எலிசபெத் ராபர்ட்சன், ஆர்ஜிரிஸ் எஃப்ஸ்ட்ராட்டியாடிஸ் ஆகிய மூவரும் சுண்டெலியின் மரபணு ஒன்றைச் சிதைத்தனர். இன்சுலினை ஒத்த வளர்ச்சிக்காரணி-2 என்னும் சிறு புரதத்திற்குரிய மரபணு அது. சிதைந்த படியைத் தந்தையிடம் பெற்ற குட்டிகள், இயல்பான எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டோடு பிறந்தன. அதே படியைத் தாயிடம் பெற்றவையோ உடன்பிறந்தாரினின்று வேறுபடவில்லை. 1991-இல் வெளியான இம்முடிவுக்கு மெண்டலின் கணக்கில் இடமில்லை. தாய் தந்த படி பழுதற்றது. ஆயினும் கருவின் திசுக்களில் அது பெரும்பாலும் இயங்குவதில்லை.

காரணம் மரபணுவுக்குள் இல்லை. அதற்கு அப்பால், எலியில் ஏறத்தாழ 90,000 கார இணைகள் தள்ளி, எச்-19 என்ற அண்டை மரபணு உள்ளது. அது புரதம் எதையும் ஆக்குவதில்லை; ஆர்.என்.ஏ.வாகவே நின்றுவிடுகிறது. இரண்டையும் தூண்டும் ஊக்கிப் பகுதிகள் எச்-19ஐயும் தாண்டி அமைந்துள்ளன. ஊக்கிகள் இருவர்க்கும் பொது. பங்கீட்டை முடிவு செய்வது இடையிலுள்ள ஒரு குறுகிய கட்டுப்பாட்டுப் பகுதியே. தாய்வழி நிறப்புரியில் சிடிசிஎஃப் என்னும் புரதம் அங்கே பற்றிக்கொள்ள, மடை அடைத்த வாய்க்கால்போல் ஊக்கியின் விசை வளர்ச்சிக்காரணியை எட்டாது எச்-19க்கே பாய்கிறது. தந்தைவழி நிறப்புரியில், விந்தணு உருவாகும்போதே அப்பகுதியின்மீது மெத்தைல் குறிகள் ஏறிவிடுகின்றன. குறியுள்ள இடத்தில் சிடிசிஎஃப் பற்றுவதில்லை, தடை விலகுகிறது, எச்-19 அடங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதை நிறுவின. மூலக்கூறு உயிரியலில் இத்தனை சிக்கனமான ஏற்பாடு அரிது.

மனிதரிலும் 11-ஆம் நிறப்புரியின் குறுங்கை முனையில் இதே அமைப்பு உண்டு. தாய்வழிப் படியிலும் மெத்தைல் குறி ஏறினால், அளவுமீறிய வளர்ச்சியோடு பிறக்கும் பெக்வித்-வீடமன் நோய்க்குறித்தொகுதி தோன்றலாம். தந்தைவழிப் படியில் குறி குன்றினால், கருவிலேயே வளர்ச்சி தடைப்படும் சில்வர்-ரசல் நோய்க்குறித்தொகுதி. இரண்டிலும் புரதத்தின் எழுத்து வரிசை பிழையற்றிருக்க, குறி மட்டுமே இடம் மாறியிருக்கக் காணலாம்.

மனிதரின் வளர்ச்சிக்காரணி மரபணுவுக்கு, அதை இயக்கத் தொடங்கும் தொடக்கிகளும் பல. பிறந்தபின் கல்லீரல் வேறொரு தொடக்கிக்கு மாறிக்கொள்கிறது. அத்தொடக்கி, மெத்தைல் குறியாகிய பெற்றோர் முத்திரையைப் பொருட்படுத்தாது இரு படிகளையும் இயக்குகிறது. எலியிலோ பிறந்த சில வாரங்களில் பெரும்பாலான திசுக்களில் இம்மரபணு அடங்கிவிடும். எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றுவோர் இதை நினைவில் கொள்வது நலம்.

இம்முத்திரை ஏன் தோன்றிற்று? தாயின் உணவைக் கருவுக்கு மிகுதியாக ஈர்ப்பது தந்தைவழி மரபணுக்களுக்கு ஆதாயம். அதைக் கட்டுக்குள் வைத்து அடுத்த மகவுகளுக்கும் மிச்சம் பிடிப்பது தாய்வழி மரபணுக்களுக்கு ஆதாயம் என்பது உயிரியலாளர் டேவிட் ஹெய்க் முன்வைத்த விளக்கம். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபசில் இம்மரபணுவின் இரு படிகளும் இயங்குவது அதற்கு வலுச்சேர்க்கிறது.

பன்றி வளர்ப்போர்க்கு இம்முத்திரை பணக்கணக்கும்கூட. 2003-இல் அறியப்பட்டபடி, அம்மரபணுவின் புரதம் குறிக்காத இடைப்பகுதியில் ஒரேயொரு எழுத்து மாறினால், அடக்கும் புரதம் அங்கே பற்ற இயலாமல் தசை பெருகுகிறது, கொழுப்பு குறைகிறது. ஆனால் அம்மாற்றத்தைக் குட்டி தன் தந்தையிடமே பெற்றிருக்க வேண்டும்.