"யாரிடமும் சொல்லாதே" என்றால்?

ஈப்போவிலும் தோட்டப்புறங்களிலும் "தஞ்சோங் ரம்புத்தான்" என்றாலே கேலிதான். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையே இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் அந்தக் கேலிக்குப் பயந்தே, விடுதி அறையில் தூங்காமல் தவிக்கும் தோழி "யாரிடமும் சொல்லாதே" என்கிறாள்.

சாக நினைப்பதாக அவள் சொன்னால், ரகசியம் காக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல், அவளிடம் சொல்லிவிட்டே விடுதிக் காப்பாளரையோ ஆலோசகரையோ அழையுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999. போலீஸ் வழக்கு வருமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

நாம் மருத்துவர்கள் அல்ல. இரவெல்லாம் தனியாகக் கண்விழித்தால் நாமும் சோர்ந்துவிடுவோம்; துணைக்கு ஆள் சேருங்கள். தோழி கோபித்துக்கொள்ளலாம். ஆனால், கோபித்துக்கொள்ள அவள் உயிரோடு இருப்பாள்.