எடைக்கு அகப்படாத வெள்ளி

மகாநதியும் அதனின்று பிரியும் காட்ஜோரியும் இருபுறமும் அணைத்துச் செல்ல, நடுவே நீண்டு கிடக்கும் ஒடிசாவின் பழைய தலைநகரமான கட்டாக்கில், வெள்ளியைக் கம்பியாக்கி, கம்பியைப் பூவாகவும் இலையாகவும் மயிலாகவும் வளைத்தெடுக்கும் தொழில் ஒன்று பரம்பரை பரம்பரையாக நடந்துவருகிறது. ஊரார் அதைத் தாரகசி என்பார்கள்; தார என்றால் கம்பி.

அந்தப் பூவைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்பவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், வெறும் கம்பி எப்படி இவ்வாறு மணிமணியாக மின்னுகிறது என்பதே. மூசையில் உருக்கிய வெள்ளியைத் தட்டி நீட்டி, பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் இறங்கிச் செல்லும் எஃகுக் கம்பியச்சில் மாட்டி இழுத்து இழுத்து, நூலளவுக்கு மெலிய வைக்கிறார்கள். பிறகு அவ்விழைகள் இரண்டை ஒன்றாக முறுக்கி, முறுக்கியதை நசுக்கித் தட்டையாக்குகிறார்கள். நசுங்கிய முறுக்கின் விளிம்பு நாணயத்தின் ஓரம்போல வரிவரியாக நிற்கிறது. வெளிச்சம் அவ்வரிகளில் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் மணியென்று மயங்குகிறோம்.

சற்றுத் தடித்த கம்பியால் சட்டம் வளைத்து, அதனுள்ளே மெல்லிய கம்பியைச் சாமணத்தால் சுருட்டிச் சுருட்டி நிரப்பியபின், பொடியையும் வெண்காரத்தையும் இட்டு ஊதுகுழலால் சுடரைச் செலுத்திப் பற்றவைக்கிறார்கள். சுத்த வெள்ளி உருகுவது சுமார் 960 டிகிரியில். அதற்கு முன்னதாகவே இளகும்படி கலந்த பொடி மட்டும் உருகவேண்டும், கம்பி உருகலாகாது. ஒரு மூச்சு அதிகமானால், அத்தனை பிரயாசையும் ஒரு துளி வெள்ளியாகச் சுருண்டுவிடும். (நம் ஊர்த் தட்டாரும் பொடிவைத்துத்தான் ஊதுகிறார், பேச்சிலே பொடி வைப்பவர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்களே என்பது என் அபிப்பிராயம்.)

ஒடிஸி நர்த்தகிகள் அணியும் வெள்ளி ஆபரணங்களில் இந்த வேலைப்பாட்டைக் காணலாம். நவராத்திரியிலோ கட்டாக் நகரமே வெள்ளியாகிவிடும்: 1956-இல் சௌத்ரி பஜார் பந்தலில் துர்க்கைக்குப் பின்னே நிறுத்திய வெள்ளித் திருவாசி மற்றப் பேட்டைகளையும் சும்மா இருக்கவிடவில்லை. 2024-இல் இத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் கடைக்கு வருகிறவர், கையில் எடுத்த பதக்கத்தைத் தூக்கிப் பார்த்து, “இவ்வளவு லேசா இருக்கே!” என்று முகம் சுளித்துத் தராசைத் தேடுகிறார். தராசில் நிற்பது வெள்ளி மாத்திரமே. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, கண் வலிக்க விட்டுவைத்த வெளிக்கு எடை ஏது? தகப்பனார் ஊதுகுழலும் கையுமாய் உட்கார்ந்திருக்க, பிள்ளை வேறு வேலை தேடிப் புறப்பட்டுவிடுவதற்கு அந்தத் தராசும் ஒரு காரணம்.