மாடு வாங்குவதற்கு முன் புல் நடுங்கள்

சென்ற மாதம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தார். அப்பா பட்டு நெசவாளர். கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது.

"ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுட்டு அஞ்சு கறவை மாடு வாங்கப்போறேன் சார். அம்மா நகையை அடகு வெக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

"பசுந்தீவனத்துக்கு என்ன வழி தம்பி?"

"விலைக்கு வாங்கிக்கலாம் சார்."

இந்தப் பதில்தான் பல இளைஞர்களின் பண்ணையைக் கவிழ்க்கிறது. பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. அதை வெளியில் வாங்கினால் பால் பணம் கைக்கு வராது.

ஒரு கறவைப் பசுவுக்குத் தினமும் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கோ-5 கம்பு நேப்பியர் புல் எக்டருக்கு ஆண்டுக்கு 360 டன் வரை தரக்கூடியது. அந்தக் கணக்கில் 20 சென்டில் நாளுக்கு 80 கிலோ. நம் வயலில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலும் இரண்டு பசுக்களுக்குப் போதும். 60க்கு 50 செ.மீ. இடைவெளியில் நட, 20 சென்டுக்கு சுமார் 2,700 கரணை தேவை. முதல் அறுவடை 75-80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. புல் மட்டும் போதாது. வரப்போரம் வேலிமசால் போட்டு, புல் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலந்து கொடுங்கள். சாணம் நெல் வயலுக்கு எருவாகும்.

புல் வளர்ந்த பிறகு இரண்டு பசுக்களோடு தொடங்குங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கன்று ஈனாமல், ஐந்தாறு மாத இடைவெளி இருக்கட்டும். ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள். வரவு செலவைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். ஓராண்டுக் கணக்கு லாபம் காட்டினால் மூன்றாவது மாட்டை யோசிக்கலாம்.

கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2 லட்சம் ரூபாய் வரை, தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவிகிதம்தான். ஆனால், இது தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கு. மாடு வாங்க அல்ல. பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

அந்தத் தம்பி இன்னும் கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். 20 சென்டில் கரணை நட்டுவிட்டார். நகை அம்மாவிடமே இருக்கிறது. "முதல் அறுப்பு முடியட்டும், சேர்ந்து மாடு பார்க்கப் போகலாம்" என்று சொல்லியிருக்கிறேன்.