நியான் டெட்ரா ஏன் ஒளிஞ்சுக்குது?

போன எபிசோடுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "நியான் டெட்ரா வாங்கினேன், வெளியவே வர மாட்டேங்குது. என்ன பண்ண?"

நான் முதன்முதல்ல வாங்கினப்பவும் இதே கதைதான். ரெண்டடித் தொட்டி, அடியில வெள்ளைக் கல், மேல பளிச்சுனு எல்இடி, ஒரே ஒரு பிளாஸ்டிக் செடி. அதுல நாலு மீன். விட்டதும் நாலும் ஃபில்டர் பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு. பத்து நாள்ல மூணு செத்துப்போச்சு. "சாஃப்ட் மீன் சார், அப்படித்தான் இருக்கும்"னு கடையில சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்.

தப்பு மீன் மேல இல்லை. அமேசானின் மேற்பகுதியில, காட்டு நிழல்ல ஓடுற சின்ன ஓடைகள்தான் இதோட ஊர். இலை ஊறி ஊறி டீ டிகாக்ஷன் நிறத்துல இருக்கும் சில ஓடைத் தண்ணி. வளர்ந்தாலும் 3, 4 செ.மீ. தாண்டாத மீனுக்குக் கூட்டம்தான் பாதுகாப்பு. நிறைய மீன் சேர்ந்து திரும்பும்போது, துரத்துற மீனுக்கு எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாது. நாலு மீன்ங்கிறது கூட்டமே இல்லை. குறைஞ்சது பத்து வேணும். கூட ஏஞ்சல் மீனை விடாதீங்க. அதுவும் அமேசான்தான், ஆனா அங்கே சின்ன மீன் அதுக்குச் சாப்பாடு.

கறுப்பு மணல், அடர்த்தியா செடி, மேல மிதக்கிற செடி கொஞ்சம், மங்கலான வெளிச்சம். இவ்வளவு போதும். நம்ம தெருவுல விழற நாட்டு பாதாம் மரத்துச் சருகு இருக்கு பாருங்க, நல்லா காஞ்சதைக் கழுவி ஒண்ணு போட்டா தண்ணி லேசா பழுப்பாகும். மருந்து தெளிக்காத மரமா பார்த்து எடுங்க. ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மீன் வெளிய வரும். வேடிக்கைதான், ஆனா உண்மை.

ராத்திரி லைட் அணைச்சா நிறம் மங்கிடும். பயப்படாதீங்க, காலையில திரும்பிடும்.

மூணு மீன் செத்ததுக்கு முக்கியக் காரணம் வேற. தொட்டி புதுசு. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல வளர நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். நான் தொட்டியை நிரப்பின மறுநாளே மீனை விட்டேன். போதாக்குறைக்கு எங்க வீட்டுல போர் தண்ணி, உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கவரோட தண்ணியிலேருந்து திடீர்னு அதுல மாத்தினா தாங்காது. இப்பல்லாம் மெல்லிசான டியூப்ல ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம் கலந்துதான் விடறேன்.

மிச்சம் இருந்த அந்த ஒத்த மீனுக்கு அடிக்கடி தண்ணி மாத்தி, ஆறு வாரம் காத்திருந்து, செடி வெச்சு, ஒன்பது மீன் வாங்கி விட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே அது ஃபில்டர் பின்னாடியிருந்து வெளிய வந்து அதுங்களோட சேர்ந்துக்கிச்சு.