காலாண்டுத் தேர்வு எழுதும் கம்பெனிகள்

பள்ளிப் பருவத்தில் நம்மை நடுங்க வைத்தது காலாண்டுத் தேர்வு. பெரிய நிறுவனங்களும் அத்தகைய தேர்வொன்றை எழுதுகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தன் வரவு செலவை வெளியிட்டாக வேண்டும். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு மட்டும் 60 நாட்கள். இது 'செபி' வாரியத்தின் விதி.

மறுநாள் நாளேட்டில் 'இத்தனை கோடி இலாபம்' அல்லது 'இத்தனை கோடி நட்டம்' என்று ஓர் எண் கொட்டை எழுத்தில் வரும். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பலாமா?

சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்தில் அவருக்கு வந்த நெசவுக் கூலி 3 இலட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆட்கூலி, மின்கட்டணம், உதிரிச் சாமான் ஆகியவற்றிற்கு 1,80,000 போனால் மீதி 1,20,000. இதுவே செயல்பாட்டு இலாபம். தறியின் தேய்மானம் 50,000, கடன் வட்டி 60,000 ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 10,000. இதுதான் நிகர இலாபம். இவ்வேளையில், 'பழைய பாக்கி 2 இலட்சம் கட்டு' என்று ஓர் ஓலை வந்தால்? கணக்கில் 1,90,000 நட்டம்! ஆனால் தறி ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. துணி நெய்யப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறது.

இதே கதைதான் 2019-இல் தொலைபேசி நிறுவனங்களுக்கு நேர்ந்தது. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைப்படி, அவை நிலையான உரிமக் கட்டணத்திற்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தி வந்தன. 'வருவாய்' என்றால் எது? வட்டி, வாடகை போன்ற பிற வரவுகளும் அதில் சேருமா? சேராது என்றன நிறுவனங்கள். சேரும் என்றது அரசு. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஜூலை–செப்டம்பர் காலாண்டு அதற்கு முன்பே முடிந்திருந்தது. முடிவுகள் மட்டும் வெளிவரவில்லை. ஆகவே அந்தப் பாக்கி அக்காலாண்டின் கணக்கிலேயே ஏறியது. ஏர்டெல் காட்டிய நிகர நட்டம் 23,045 கோடி ரூபாய். வோடபோன் ஐடியா காட்டியது 50,921 கோடி. அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் கண்டிராத நட்டம் அது.

ஏர்டெல் இதற்காக ஒதுக்கிய 28,450 கோடியைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு ஏற்படும். அசல் 6,164 கோடி. வட்டி 12,219 கோடி. அபராதம் 3,760 கோடி. அந்த அபராதத்திற்கு வட்டி 6,307 கோடி! அசலைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் வட்டியும் அபராதமும். வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். காலாண்டு அறிக்கையில் இன்னோர் எண் உண்டு: ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதந்தோறும் கிடைக்கும் சராசரி வருவாய். ஏர்டெல்லுக்கு அது 2019 ஜூலை–செப்டம்பரில் 128 ரூபாய். 2024 அக்டோபர்–டிசம்பரில் 245 ரூபாய். இடையே 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மும்முறை கட்டணங்கள் உயர்ந்தன. சாதாரணப் போனிலிருந்து ஸ்மார்ட்போனுக்குப் பலர் மாறியதும் ஒரு காரணமே. எப்படியாயினும் அந்த எண்ணில் நம் ரீசார்ஜ் பணமும் அடங்கியிருக்கிறது.

அறிக்கையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1999-இல் தமிழகத்தில் சேவை தொடங்கிய ஏர்செல், கொங்கு நாட்டிலும் பலர் கையில் இருந்த இணைப்பு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவச அழைப்புகளை வழங்கியதும் கட்டணப் போர் மூண்டது. ஜியோ 2017 ஜூலை–செப்டம்பரில் 271 கோடி நட்டமும், அடுத்த காலாண்டில் 504 கோடி இலாபமும் காட்டியது. ஏர்செல்லோ பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். காலாண்டுக்கு ஒருமுறை ஊரறியக் கணக்குச் சொல்லும் கட்டாயம் அதற்கில்லை. 2018 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் அதன் சேவை முடங்கிய பிறகே பலருக்கும் நிலைமை புரிந்தது. எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றிக் கொள்ள மக்கள் கடை வாசல்களில் வரிசையில் நின்றனர். அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்தது.

எனவே நண்பர்களே, காலாண்டு முடிவு பங்கு வாங்குவோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அடுத்த முறை கொட்டை எழுத்து எண்ணைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செயல்பாட்டில் மிஞ்சியது எவ்வளவு? தேய்மானமும் வட்டியும் எவ்வளவு? இந்த ஒரு காலாண்டில் மட்டும் வந்து சேர்ந்த பாரம் எது? கூட்டலும் கழித்தலும் தெரிந்தவர் எவரும் இதைப் படித்துவிடலாம். வணிகவியல் துறை நண்பர்கள் மட்டுமல்ல, அறிவியல் மாணவர்களாகிய நாமும்தான்!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்