மினாரா புறாவும் என் கூண்டுப் புறாவும்

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்கால், திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் தாண்டி நாகூர் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலை உண்டு. தர்கா மினாராவை அண்ணாந்து பார்த்துப் புறாக்களை எண்ண ஆரம்பிப்பேன், பாதியிலேயே விட்டுவிடுவேன். கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "வீட்ல இருபது கிடக்கு, அது பத்தாதுன்னு இங்க வேறயா?"

பத்தாதுதான். என் கூண்டில் இருப்பது என்ன பறவை என்று எனக்குப் புரியவைத்ததே இந்த மினாராப் புறாக்கள்தான். சின்ன வயதிலிருந்து புறா வளர்க்கிறேன். அதில் ரொம்ப வருஷம் அது புரியாமலே வளர்த்தேன். அந்தக் கதையைத்தான் இந்தக் குறிப்பில் எழுதி வைக்கிறேன்.

எல்லாம் ஒரே புறா

மினாராவில் இருப்பது மாடப்புறா. சாம்பல் கலந்த நீல உடம்பு, பச்சையும் ஊதாவுமாக மின்னும் கழுத்து, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, வால் நுனியில் ஒரு கறுப்புப் பட்டை. வாலில் பொதுவாக 12 இறகுகள். இப்போது என் கூண்டுக்கு வாருங்கள். லக்கா என்று நம் ஆட்கள் சொல்லும் விசிறிவால் புறாவின் வால் மயில் தோகை போல விரிந்து நிற்கும். இந்த வகையில் 30, சிலதில் 40 இறகு வரை இருக்கும். பக்கத்துக் கூண்டில் ஜாக்கோபின், கழுத்து இறகெல்லாம் மேலே புரண்டு தலையை முக்காடு போட்ட மாதிரி மூடியிருக்கும். பவுட்டர் தொண்டைப் பையில் காற்றை நிரப்பிக்கொண்டு பலூன் மாதிரி நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள், "இதெல்லாம் புறாவா?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் இவை வேறு வேறு காட்டுப் பறவைகளிலிருந்து வந்தவை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 19ஆம் நூற்றாண்டு லண்டன் புறாக்காரர்களும் அப்படியேதான் நினைத்தார்கள். அது தப்பு என்று காட்டியவர் சார்லஸ் டார்வின். 1855இல் அவரே புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனில் இரண்டு புறா சங்கங்களில் உறுப்பினராகவும் சேர்ந்தார். 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் பெரும் பங்கு புறாக்களுக்குத்தான். அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர், புறாக்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள், எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்று யோசனை சொன்னாராம். புறாக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பே இல்லை!

டார்வின் செய்த சோதனை எளிமையானது. வெள்ளை விசிறிவாலையும் கறுப்பு பார்ப் இனத்தையும் சேர்த்தார். வேறொரு பார்பை ஸ்பாட் என்ற இனத்தோடு சேர்த்தார். இந்த இரண்டு கலப்புக் குஞ்சுகளையும் வளர்த்து ஒன்றோடொன்று ஜோடி போட்டார். முன்னோர்களில் ஒன்றுகூட நீலம் இல்லை. ஆனாலும் பேரக்குஞ்சு ஒன்று நீல உடம்பும் இரண்டு கறுப்புப் பட்டையுமாக, அச்சு அசல் காட்டு மாடப்புறா போலவே வந்தது. மனிதன் மேலே பூசிய வேஷத்தைக் கலைத்தால் அடியில் மாடப்புறாதான் இருக்கிறது.

நம் பக்கத்து விஷயம் ஒன்றும் அந்த நூலில் உண்டு. ஐரோப்பிய மாடப்புறாவுக்கு முதுகுக்கும் வாலுக்கும் நடுவே வெள்ளையாக இருக்கும், இந்திய மாடப்புறாவுக்கு அந்த இடம் நீலச்சாம்பல் என்று டார்வின் குறித்திருக்கிறார். நாகூரில் புறா இறக்கையை விரித்து இறங்கும்போது கவனியுங்கள், தெரியும்.

மதராஸிலிருந்து போன பறவைகள்

டார்வினுக்கு இந்தியப் புறாக்களை அனுப்பியவர் மதராஸில் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட். அமராவதி சிற்பங்களைத் தோண்டி எடுத்தாரே, அதே எலியட்தான். 1855இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இருவரும் சில நிமிடம் பேசியிருக்கிறார்கள். அடுத்த வருஷமே, புறாத் தோல்கள் அனுப்ப முடியுமா என்று கேட்டு டார்வின் கடிதம் எழுதினார். எலியட் அனுப்பியவற்றில் லோட்டன் என்ற புறாவும் இருந்தது. வெள்ளை நிறம், தலையில் சின்னதாக ஒரு கொண்டை.

லோட்டன் விசித்திரமான பறவை. கையில் எடுத்து லேசாக உலுக்கித் தரையில் விட்டால் குட்டிக்கரணம் போடத் தொடங்கும். தானாக நிற்காது. ஆள் எடுத்து, முகத்தில் ஊதி, ஆற்றினால்தான் நிற்கும். அக்பர் காலத்து அயினி அக்பரியிலும் இந்தப் புறா வருகிறது. அக்பரிடம் 20,000க்கும் மேல் புறாக்கள், அதில் 500தான் முதல் தரம் என்று அந்த நூல் சொல்கிறது.

நம் ஊர்க் கர்ணப்புறாவின் பெயரிலும் இந்தக் கரணம்தான் இருக்கிறது. சென்னையில் கர்ணப்புறாவை வானத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துப் பந்தயம் விடுவார்கள். ஹோமருக்குப் பந்தயமே வேறு, தூரத்தில் கொண்டுபோய் விட்டால் வீடு திரும்பும் வேகம்தான் கணக்கு. 2015இல் 'மாரி' படம் வந்த பிறகு இந்தப் பந்தய உலகம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் பந்தயக்காரன் இல்லை. நான் அழகுப்புறா ஆள், கண்காட்சிப் பக்கம்.

கண் செய்கிற வேலை

மாடப்புறா எப்படி லக்கா ஆனது? யாரும் ஒரே நாளில் 40 இறகு வாலை உண்டாக்கவில்லை. எப்போதோ ஒருவர் கூண்டில் 14 இறகோடு ஒரு குஞ்சு வந்திருக்கும். அவர் அதை விற்காமல் வைத்துக்கொண்டிருப்பார். அதன் குஞ்சுகளில் வால் அகலமானதை மட்டும் மறுபடி ஜோடி போட்டிருப்பார். அவருக்குப் பின் அவர் பிள்ளை, பிறகு வேறொருவர். இப்படியே நூற்றாண்டுகள் போயிருக்கும்.

இதற்குப் புறா ரொம்பத் தோதான பறவை. ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது, அதனால் எந்தக் குஞ்சு யாருடையது என்று தெளிவாகத் தெரியும். மண்சட்டியில் இரண்டு முட்டை, ஏறக்குறைய 18 நாள் அடை. பகலில் ஆண் உட்காரும், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை பெண் உட்காரும். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது காலில் மூடிய வளையம் போட்டுவிடுவோம். அதற்கு மேல் போனால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. பெரிதான பிறகு கழற்றவும் முடியாது. அந்த வளையத்து வருஷமும் எண்ணும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

நிறக் கணக்கு தெரிந்தால் இன்னும் சுவாரசியம். புறாவில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். பெண் குஞ்சின் அந்த ஒரு இசட் அப்பாவிடமிருந்து வருகிறது. சாம்பல் சிவப்பு என்கிற நிறத்தின் மரபணு அதில்தான் இருக்கிறது, அது நீலத்தை அடக்கும். நீல ஆணோடு சாம்பல் சிவப்புப் பெண்ணை ஜோடி போட்டுப் பாருங்கள். சிவப்பாக வரும் குஞ்செல்லாம் ஆண், நீலமாக வரும் குஞ்செல்லாம் பெண். சட்டியிலேயே ஆண், பெண் சொல்லிவிடலாம். இதை முதலில் எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கம் ஹோமர் வளர்த்த ஒரு பாய். குரோமோசோம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. "தம்பி, அத்தா நிறம் பொட்டைக்கு, அம்மா நிறம் சேவலுக்கு" என்பார். இந்த ஜோடிக்கு அது அப்படியே சரி.

கண்காட்சியில் நடுவர் பார்ப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஒவ்வொரு இனத்துக்கும் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. நிற்கிற விதம், தலை, அலகு, வால், நிறம், இறகின் சுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பழக்காத பறவை கூண்டில் மிரண்டு ஒடுங்கிவிடும். அதனால் வாரக்கணக்கில் சின்னக் கூண்டில் விட்டு, குச்சியால் லேசாகத் தொட்டு, நிமிர்ந்து நிற்கப் பழக்குவோம். இறகு உதிர்ந்து முளைத்து முடியும் வரை காத்திருக்கவும் வேண்டும். இறக்கையின் 10 பெரிய இறகுகளும் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக விழுந்து முளைக்க ஏறக்குறைய ஆறு மாசம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோரக் கூண்டுகளை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் இங்கே பெரிய பாடு. கூண்டு ஈரமானால் நோய். நோய் வந்தால் இறகில் தெரிந்துவிடும்.

விலை கொடுப்பது யார்?

இங்கேதான் நான் சறுக்கினேன். சில வருஷம் முன்பு அவுல் வகையில் ஒரு ஜோடி வாங்கினேன். உருண்டைத் தலை, மார்பில் சுருள் இறகு, முகத்தில் அலகு இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை அலகு. கொள்ளை அழகு. முட்டை வைத்தது, பொரித்தது. மூன்றாம் நாள் இரண்டு குஞ்சும் செத்துக் கிடந்தன. அடுத்த ஈடும் அப்படியே. நோய் என்று நினைத்து மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன்.

நோய் இல்லை. புறாக்குஞ்சுக்கு முதல் சில நாள் தானியம் கிடையாது. அப்பா, அம்மா இருவர் தொண்டைப் பையிலும் தயிர்க்கட்டி மாதிரி ஒன்று ஊறும். அதுதான் புறாப்பால். குஞ்சு தன் அலகைப் பெரியதின் வாய்க்குள் விட, அது கக்கி ஊட்டும். என் ஜோடிக்குப் பால் ஊறியது. ஆனால் அந்தக் குட்டை அலகால் குஞ்சுக்கு ஊட்ட முடியவில்லை. பக்கத்திலேயே தாயும் தகப்பனும் இருக்க, பட்டினியில் செத்திருக்கின்றன.

விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு வழி சொன்னார்கள். ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில் முட்டை வைத்த ஹோமர் ஜோடிக்கு அடியில் இந்த முட்டையை மாற்றி வைக்க வேண்டும். பொரிக்கிற சமயத்தில்தான் பால் ஊறும் என்பதால் தேதி தப்பக்கூடாது. செய்தேன், குஞ்சுகள் பிழைத்தன. ஒரு கண்காட்சிக்கும் கொண்டுபோனேன். எல்லோரும் நின்று பார்த்தார்கள். எனக்குத்தான் அந்தக் கூண்டுப் பக்கம் நிற்கவே மனசு வரவில்லை.

இது புதுசும் இல்லை. குட்டை அலகு டம்ப்ளர் புறாக்களில் முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சைவிட உள்ளேயே சாகும் குஞ்சு அதிகம், வளர்ப்பவர்களே உடைத்து உதவுகிறார்கள் என்று டார்வினே எழுதியிருக்கிறார். மற்ற இனங்களிலும் பாருங்கள். ஜாக்கோபினுக்கு முக்காடு கண்ணை மறைக்கிறது, ஜோடி சேரும் காலத்தில் கத்தரிக்க வேண்டியிருக்கிறது. லக்காவுக்கு இணை சேர வாலே இடைஞ்சல். லோட்டனால் தன் கரணத்தைத் தானே நிறுத்த முடியாது.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷாப்பிரோ குழுவினர் இதையெல்லாம் மரபணு அளவில் பார்த்திருக்கிறார்கள். 2013இல் கொண்டை பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்த கொண்டைப் புறா இனங்கள் எல்லாவற்றிலும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம். எங்கோ ஒரு முறை தோன்றியதைப் புறாக்காரர்கள்தான் இனத்துக்கு இனம் பரப்பியிருக்கிறார்கள். 2021இல் குட்டை அலகைப் பார்த்தார்கள். அதற்கு முக்கியக் காரணமான மரபணு அதே இசட் குரோமோசோமில் இருக்கிறது, பெயர் ஆர்.ஓ.ஆர்.2. மனிதர்களில் இந்த மரபணு பழுதானால் ராபினோ என்ற பிறவிக் குறைபாடு வரும், முகமும் கைகால் எலும்புகளும் வேறு மாதிரி உருவாகும். நான் காசு கொடுத்து வாங்கி ரசித்த அழகு என்னவென்று அதைப் படித்தபோது உறைத்தது.

இதற்காகப் பொழுதுபோக்கையே விட்டுவிடவில்லை. மினாராப் புறாவைத் தவிர மற்றதெல்லாம் பாவம் என்று சொல்லவும் வரவில்லை. நிறம், கொண்டை, சுருள் இறகு இவற்றால் பறவைக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் என் கூண்டுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: தன் குஞ்சுக்குத் தானே ஊட்ட முடியாத பறவையிலிருந்து அடுத்த தலைமுறை எடுக்க மாட்டேன். அந்த அவுல் வழியில் பிறந்த பெட்டை ஒன்றைக் கொஞ்சம் நீள அலகுள்ள ஆணோடு சேர்த்தேன். பெண் குஞ்சுக்கு இசட் அப்பாவிடமிருந்துதானே வரும்? அந்தக் கணக்குத்தான். வந்த பெட்டைகளுக்கு அலகு கொஞ்சம் நீளம். நடுவர் மார்க் குறைப்பார், குறைக்கட்டும். போன ஈட்டில் அதில் ஒன்று தன் குஞ்சுக்குத் தானே ஊட்டி வளர்த்தது. கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலக்கணத்தை எழுதுகிறவர்களும் நடுவர்களும் நினைத்தால் இது எங்கும் மாறும். எதற்குப் பரிசு தருகிறார்களோ, பத்து வருஷத்தில் எல்லார் கூண்டிலும் அதுதான் இருக்கும். அது வரைக்கும் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தன் குஞ்சைத் தானே வளர்க்குமா?" பதில் வர நேரமானால், அந்த ஜோடியை விட்டுவிட்டு வேறு கூண்டைப் பாருங்கள்.